அடுக்ககத்துக்கு ஏற்ற நாய்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் நிலமும் எல்லையும்

சேர்வராயன் மலை, கஞ்சமலை, ஜருகுமலை ஆகியவை சூழ்ந்த சேலத்திலிருந்து தெற்கே ராசிபுரம் வழியாக நாமக்கல் பாறைக்கோட்டை வரையிலும், மேற்கே சங்ககிரி, திருச்செங்கோடு வரையிலும் விரியும் சமவெளியே இக்கட்டுரையின் நிலம். ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே நாய் வைத்திருந்தவர் பெரும்பாலும் தோட்டம் வைத்திருந்தவர். அவருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்று சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், அஸ்தம்பட்டிப் பக்கத்து அடுக்குமாடிகளில் 800 முதல் 1,000 சதுர அடிக்குள் வாழ்கிறார்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் அடுக்ககம் பெரும்பாலும் வேறு வடிவில் இருக்கிறது. கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு குடித்தனம்; லிஃப்ட் கிடையாது; பொதுவாக ஒரு படிக்கட்டு, ஒரு மொட்டை மாடி. இரண்டையுமே அடுக்ககம் என்று இங்கே கொள்கிறேன். நாயின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டிலும் நிலைமை ஒன்றுதான். காலடியில் மண் இல்லை, நினைத்தபோது வெளியே போக வழி இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நாய் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "சின்னதாக எது கிடைக்கும்?" என்பதுதான். இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் பல நாய்கள் துன்பப்படுகின்றன என்பது என் கருத்து. வெயிலைத் தாங்கும் மூச்சு, அடங்கிய குரல், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தைத் தாங்கும் மனம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே உடலின் அளவைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், இச்சமவெளியின் அடுக்ககத்துக்கு மிகுதியும் பொருந்துவது இங்கேயே பிறந்து வளரும் நாட்டு நாய். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வேலை இருந்த நாய்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு குறித்த கல் அது. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்த செய்தியும் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. சேலத்துக்கு வடகிழக்கே, நமக்கு அண்டைய நிலத்தில் நிற்கும் இக்கல் ஒரு செய்தியைத் தெளிவாக வைக்கிறது: நாய்க்கு வேலை இருந்தது, அந்த வேலைக்காக அது மதிக்கப்பட்டது.

கொங்குத் தோட்டங்களில் இந்நிலை அண்மைக்காலம் வரை நீடித்தது. ஆட்டுப்பட்டிக்கு ஒரு பட்டி நாய், சாளைக்கு ஒரு காவல் நாய். பகலெல்லாம் வேப்பமர நிழலில் படுத்திருக்கும். இரவில் எல்லையைச் சுற்றி வரும். புது ஆள் வந்தால் குரைக்கும். குரைப்பது அதன் குற்றமாக இல்லாமல் அதன் கடமையாக இருந்தது. நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளில் இன்றும் நாய்க்கு இந்த வேலை இருக்கிறது.

மூன்றாம் மாடிக்கு வந்தவுடன் அதே குணங்கள் குறைகளாகிவிடுகின்றன. எல்லை சுற்ற முடியாத நாய் பால்கனிக்கும் வாசலுக்கும் இடையே நடந்துகொண்டே இருக்கும். புது ஆளைக் கண்டு குரைக்கப் பழகிய நாய்க்குப் படியேறும் பால்காரர், கூரியர் கொண்டுவருபவர், எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே புது ஆட்கள்தான். எனவே ஒரு நாய் இனம் முன்பு எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்பதை அறியாமல் அது அடுக்ககத்துக்குப் பொருந்துமா என்று சொல்ல இயலாது.

3. வெயில்

இச்சமவெளியில் முதலில் எடைபோட வேண்டியது இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடுவது சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் புதிதல்ல. அடுக்ககத்தில் இன்னொரு சுமையும் சேர்கிறது. மேல்மாடி வீட்டின் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவு பத்து மணிக்கும் அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும். மனிதர்கள் மின்விசிறிக்கு அடியில் வியர்த்து உடலைக் குளிர்விக்கிறோம். நாய்க்கு உடம்பில் அப்படி வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் ஈரம் ஆவியாகிறது. அந்த வழியில்தான் அதன் உடம்பு தணிகிறது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் இடையே உள்ளது இரண்டு டிகிரிதான்.

மூக்கு சப்பையான நாய்களுக்கு இந்தக் குளிர்விக்கும் வழியே குறுகிப்போயிருக்கிறது. பக் நாய் நம் ஊர்களில் பரவிய கதை பலருக்கு நினைவிருக்கும். 2003இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்னால் போனது. அதன் பிறகு சின்ன வீட்டுக்குப் பக் என்பது பலருக்குக் கேள்வி கேட்க வேண்டாத முடிவாகிவிட்டது. அந்த நாய் எந்த வெயிலில் மூச்சு விட வேண்டியிருக்கும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, லேப்ரடாரோடு ஒப்பிடும்போது வெப்பத்தால் நோயுறும் வாய்ப்பு பக் நாய்க்கு மூன்று மடங்குக்கும் மேல், பிரெஞ்ச் புல்டாகுக்கு ஆறு மடங்குக்கும் மேல், புல்டாகுக்கு ஏறத்தாழ 14 மடங்கு என்று கண்டது. அது குளிர்நாட்டுக் கணக்கு. ஓமலூர் சாலையில் மே மாதப் பிற்பகல் எப்படி இருக்கும் என்பது வாசகர் அறிந்ததே.

அதே ஆய்வில் மெலிந்த உடல் கொண்ட கிரேஹவுண்டுக்கும் லேப்ரடாரைவிட நான்கு மடங்குக்கு மேல் ஆபத்து காணப்பட்டது. ஆகவே மூக்கு நீண்டிருந்தால் போதும், எந்த வெயிலிலும் ஓடவிடலாம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. ஓட்டத்துக்காக உருவான நாயும் வெயிலில் ஓடினால் சுருண்டு விழும்.

பனிநாட்டு நாய்களைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. இரட்டை மயிர்ப் போர்வையோடு பிறந்த சைபீரியன் ஹஸ்கியைச் சேலத்தில் வளர்ப்பவர், ஏசி அறையில் அதை ஆண்டுக்கு எட்டு மாதம் அடைத்து வைக்கிறார். மின்சாரம் நின்றால் நாயின் நிலை என்ன என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பிரெஞ்ச் புல்டாக், பக் உள்ளிட்ட வெளிநாட்டு இனங்களைப் பெயர் குறிப்பிட்டு, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. வளர்ப்போர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. சட்டத்தின் போக்கு எப்படியானாலும், அந்தப் பட்டியலின் உயிரியல் நியாயம் வலுவானது என்றே கருதுகிறேன்.

எந்த நாயானாலும் கோடையில் காலை ஆறரைக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பிறகும் மட்டுமே வாக்கிங். புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே வைக்கத் தகாது. நாய் மயங்கினால் முதலில் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, அதன் பிறகு டாக்டரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் நாய்கள் வழியிலேயே இறந்துவிடுகின்றன.

4. குரல்

குடித்தனக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே நாயால் வரும் சண்டை பெரும்பாலும் கடியால் வருவதில்லை; சத்தத்தால் வருகிறது. "ஏனுங்க, ராத்திரி பூரா உங்க நாய் கத்துதுங்களே" என்று மரியாதையாகத் தொடங்கி, மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்வதில் முடிகிறது. காலி செய்பவர் நாயை எங்கே விடுகிறார் என்பதை நெடுஞ்சாலை ஓரங்களில் திரியும் பெல்ட் கட்டிய நாய்கள் சொல்கின்றன.

நம் பக்கத்தில் பொமேரியன் என்று அழைக்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸ் இந்த வகையில் கவனிக்கத்தக்கது. 1980கள், 90களில் நடுத்தர வீடுகளின் முதல் ஜாதி நாய் அதுதான். பல தலைமுறைகளாக இங்கேயே பிறந்து வந்ததால் ஹஸ்கியைவிட வெயிலை ஓரளவு தாங்கும், சோறு கொஞ்சம் போதும், வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கூர்மையான குரலில் எதற்கும் குரைக்கும். தனி வீட்டில் அதுவே நல்ல காவல் மணி. பொதுப் படிக்கட்டு உள்ள கட்டடத்தில் அதுவே தீராத வழக்கு. பீகிள் பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஆனால் மோப்பம் பிடித்து வேட்டைக்காரரைக் கூவி அழைக்க வளர்க்கப்பட்ட நாய் அது. தனியாக விட்டால் அதன் ஊளை நான்கு வீடு தாண்டிக் கேட்கும். உடல் சிறுத்தால் குரலும் சிறுக்கும் என்ற நம்பிக்கை இவ்விரு நாய்களிடமும் பொய்த்துப்போகிறது.

சட்டம் நாய் வளர்ப்பவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1962இல் தோன்றி, நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம், 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கால்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கக் கூடாது, குரைப்பதைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது என்றது. ஆனால் சட்டம் காட்டி அண்டை வீட்டாரின் தூக்கத்தை வெல்வது நல்வாழ்க்கை ஆகாது. நாளும் எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் கிடக்கும் நாய் குரைப்பது அதன் துயரம். பால்கனிக் கம்பியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

5. அளவு பற்றிய மயக்கம்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழகத்தின் பெயர்பெற்ற நாய்கள். இவற்றுள் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் தனி இனங்களாகப் பதிவு பெற்றவை. ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல் தலையும் வந்தது. சொந்த மண்ணின் நாயை வளர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சேலத்து இளைஞர் பலர் இவற்றைத் தேடுகிறார்கள். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த நான்கும் ஒன்றுபோல் அல்ல.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் ஓட்ட நாய்கள். உயரமாக இருந்தாலும் வீட்டுக்குள் அமைதியானவை, ஓடி முடித்தால் மணிக்கணக்கில் படுத்துறங்கும், அதிகம் குரைக்காது. உடல் அளவை வைத்து இவற்றை ஒதுக்குவது தவறு. அதே வேளையில் நாள்தோறும் ஒரு திறந்த இடத்தில் முழு வேகத்தில் ஓட விடாமல் இவற்றை வைத்திருப்பது கொடுமை. பூனையையோ கோழியையோ கண்டால் கையிலிருக்கும் கயிற்றை உருவிக்கொண்டு போகும். தாழ்ந்த கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்துவிடவும் கூடும். கிராமத்தில் தோட்டம் இருந்து, வாரம் இருமுறையேனும் அங்கே போகும் குடும்பமாக இருந்தால் கன்னியை அடுக்ககத்தில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் உரியவை. ராஜபாளையம் வீட்டாரிடம் மட்டும் ஒட்டும், அயலாரை எளிதில் ஏற்காது. வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் சேர்ந்த அதன் வழியில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் காணப்படுகிறது. பொதுப் படிக்கட்டில் நாளும் இருபது முகங்களைச் சந்திக்கும் வாழ்க்கை இவற்றுக்கானது அல்ல. ராட்வைலர் போன்ற பெரிய காவல் நாய்களுக்கும் இது பொருந்தும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறியதை நாடறியும்.

லேப்ரடார் நல்ல குணமுள்ள நாய் என்பதில் ஐயமில்லை. அடுக்ககத்தில் அதன் பகை, அது தின்னும் சோறும் அதற்குக் கிடைக்காத நடையும். பருத்துப்போன லேப் இடுப்பு மூட்டு தேய்ந்து, ஏழெட்டு வயதில் மூன்று மாடி ஏற முடியாமல் நிற்கும்; முப்பது கிலோவுக்கு மேற்பட்ட நாயை யார் தூக்குவது? டேஷண்டுக்கு நேர்மாறான சிக்கல். உடல் சிறிது, முதுகு நீளம். நாள்தோறும் படியேறி இறங்கினால் முதுகெலும்புத் தட்டு நழுவிப் பின்னங்கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. லிஃப்ட் இல்லாத நாமக்கல் மாடி வீட்டுக்கு இவ்விரண்டும் தகா.

6. இனம் எவ்வளவு சொல்லும்?

இதுவரை இனங்களைப் பற்றிப் பேசினேன். இனம் சொல்வது ஓரளவுதான். அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, ஒரு பகுதி நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டது. மூக்கின் நீளமும் மயிரின் அடர்த்தியும் இனத்தோடு வரும். பொறுமையும் அச்சமும் பெரும்பாலும் தனி நாயின் பிறப்பிலும் வளர்ப்பிலும் அமையும். ஆகவே வெயிலைப் பொறுத்தவரை இனத்தைப் பார்க்க வேண்டும். குணத்தைப் பொறுத்தவரை எதிரே நிற்கும் நாயைப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும்போது போய் அரைமணி நேரமாவது உட்கார வேண்டும். ஒரு பாத்திரத்தைத் தரையில் தட்டினால் எல்லாக் குட்டிகளும் திடுக்கிடும். சில நொடியில் தேறி அந்தப் பாத்திரத்தை மோந்து பார்க்க வரும் குட்டி நல்ல தேர்வு. மூலைக்குப் போய்த் திரும்பி வராத குட்டிக்கு லாரி ஹாரனும் தீபாவளி வெடியும் நிறைந்த நாமக்கல் தெரு நரகமாகும். முதலில் பாய்ந்து வந்து விரலைக் கடிக்கும் துடுக்கான குட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் மயங்குவார்கள். அடுக்ககத்துக்கு அதைவிட நடுத்தரமான குட்டியே மேல்.

ஸ்காட், ஃபுல்லர் என்னும் ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூல் முதலாக, மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி உலகைக் கற்கும் காலம் என்பது நிலைபெற்ற கருத்து. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்து விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் தடுக்கின்றன. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து விற்பவரிடம் இரக்கப்பட்டு வாங்குவது, அடுத்த ஈற்றையும் அவர் அப்படியே விற்க வழி செய்கிறது.

வேலைக்குப் போகும் தம்பதியருக்கு நான் சொல்வது வேறு: குட்டியே வேண்டாம். குட்டியை முதல் சில வாரங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம் போக விட்டாக வேண்டும். வளர்ந்த நாய் ஆறேழு மணி நேரம் அடக்கிக்கொள்ளும். இரண்டு வயதான நாயிடம் அளவும் குரலும் குணமும் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டன. ஊகிக்க எதுவும் இல்லை.

7. நாட்டு நாய்

மூன்று அளவுகோல்களையும் நம் தெரு நாயின் மேல் வைத்துப் பார்க்கலாம். மூக்கு நீளம், மயிர் குட்டை, காது நிமிர்ந்தது. இந்த வெயிலில் உயிர் பிழைத்தவற்றின் வழிவந்த உடல் அது. எடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ. மனிதர் தேர்ந்து நெருக்கமாக இனம் பெருக்காததால், பிறவி மூட்டு நோயும் மூச்சுத் தடையும் ஜாதி நாய்களைவிடக் குறைவு. நல்ல கவனிப்பில் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வாழும். தனிமையையும் அது ஓரளவு தாங்கும். பகலின் பெரும்பகுதியை நிழலில் தூங்கிக் கழிப்பது அதன் வழக்கம்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். தன் எல்லையைக் காக்கும் உணர்வு மிகுதி, ஆதலால் குரைக்கும். பன்னிரண்டு வாரத்துக்குள் பல முகங்களையும் படிக்கட்டையும் லிஃப்டையும் பழக்கினால் இது பெரிதும் தணியும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருமண்ணில் இறக்கக் கூடாது என்பதால், இக்காலத்தில் தோளில் தூக்கிக்கொண்டே வெளியைக் காட்ட வேண்டும். பார்வோ வைரஸ் தெருக்குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் நோய். ஆறு வாரம் தொடங்கித் தடுப்பூசித் தொடரும், மூன்றாம் மாதம் வெறிநோய்த் தடுப்பூசியும் தவறக் கூடாது. தெருவில் பல ஆண்டு வாழ்ந்த முதிர்ந்த நாயை நான்கு சுவருக்குள் கொண்டுவருவதும் எப்போதும் கருணையாகாது. அதற்கு அந்தத் தெருவே வீடு.

ஆண் பெண் தேர்வைப் பற்றியும் பேசியாக வேண்டும். கடுவன் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விடுவார்கள். இது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. அடுக்ககத்துக்கு எது நல்லது என்று கேட்டால், கருத்தடை செய்த பெட்டையே என்பேன். உடல் சற்றுச் சிறியது. ஊர்சுற்றும் வேட்கை குறைவு. படிக்கட்டு மூலையெல்லாம் மூத்திரம் தெளித்து எல்லை வரையும் வழக்கமும் குறைவு. குட்டி போடும் என்ற ஒரே அச்சத்துக்கு விடை ஓர் அறுவைச் சிகிச்சை. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் நிலம் இது. மருத்துவர் கிடைக்கவில்லை என்று இச்சமவெளியில் யாரும் சொல்ல முடியாது.

தெரு நாய்களை எவரேனும் தத்தெடுக்க விரும்பினால் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்தவர் அதை மீண்டும் தெருவுக்கு விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாம் பகுதி முதல் பகுதியைவிட முக்கியமானது.

8. வீட்டாரின் தகுதி

நாயைத் தேர்வதற்கு முன் வீட்டை எடைபோட வேண்டும். காலையும் மாலையும் அரைமணி நேரம் நடக்க ஒருவர் பெயர் குறித்து முன்வர வேண்டும். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் எவரும் பார்க்கமாட்டார்கள். மேட்டூர்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் கட்டடத்தில், பால்கனி கழுவும் தண்ணீருக்கும் கணக்கு வேண்டும். உண்ணி சுவர் விரிசலில் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே பெருகும். அதனால் வரும் எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்கள் நாயின் இரத்தத்தைக் குலைக்கும். மாதந்தோறும் உண்ணி மருந்து என்பது சோற்றுச் செலவோடு சேர்ந்த செலவு. சோறு பெரிய கவலை இல்லை: முட்டை மலிவான ஊரில் வேகவைத்த முட்டையும் சோறும் கோழி ஈரலும் டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்தால் நாய் நன்றாக வளரும். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நாயைக் கொண்டுவர வேண்டும்.

இவையெல்லாம் முடியும் என்றால், குட்டிக்கு முன்பணம் கொடுக்கப் போகும் முன் உங்கள் கட்டடத்தின் பின்புறச் சந்தையும் அடுத்த தெருவின் கட்டுமான மணல்மேட்டையும் ஒருமுறை பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் அங்கே குட்டிகள் இருக்கும். அவற்றுள் எட்டு வாரம் கடந்த, நடுத்தரக் குணமுள்ள பெட்டைக் குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். ஆறு மாதம் ஆனதும் டாக்டர் சொல்லும் நாளில் கருத்தடை செய்யுங்கள். அதன் ஆயுள் முடியும்வரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.